ஆடும் வீட்டுக்கு அடுப்பு

மார்த்தாண்டம் கடையில்
'வீட்டில் எத்தனை பேர்?' என்றான் பையன்.
பதினொன்று என்றேன்.
'கூட்டுக் குடும்பமா சார்?'
கிளீட்டஸ் பில் மேசையில் சாய்ந்து சிரித்தான்.
ஆமாம் தம்பி, எல்லாரும் ஆண்கள்,
வீடு ஓரிடத்தில் நிற்காது,
முப்பத்தெட்டு நாள் ஆடிக்கொண்டே இருக்கும்.

அவன் காட்டியது
கண்ணாடி மேல்தட்டு, மூன்று பர்னர்,
திருகினால் தானே பற்றும் நீலத் தீ.
ஒரு பக்கம் தூக்கிச் சாய்த்தேன்.
பாத்திரத் தாங்கி வழுக்கிப் போய்
தரையில் விழுந்து கிணுகிணுத்தது.
இது நடக்குமா என்று பார்க்கத்தான் சாய்த்தேன் என்று
எடுத்து அவன் கையிலேயே கொடுத்தேன்.

இதுவரை இருந்தது மண்ணெண்ணெய் ஸ்டவ்.
பம்ப் அடிக்கணும், பின் குத்தணும்,
கொஞ்சம் கெஞ்சவும் வேணும்.
அலை தோளில் ஒரு தட்டுத் தட்டினால்
தீ ஆள் உயரம் எழும்பும்.
என் இடது முழங்கையைப் பாருங்கள்,
லட்சத்தீவு மாதிரி திட்டுத் திட்டாய்.
சோற்றில் அந்த வாடை, மரச்சீனியில் அந்த வாடை,
கட்டன் சாயாவில்,
ஒரு தடவை, சத்தியமாய்,
கனவில்.

கேஸ் வாங்கிடலாம் என்றார் ஓனர் வறுவேல்.
ஸ்ராங்கு ஜெலஸ்டின் ஒப்பவில்லை.
'கேஸ் காத்தைவிடக் கனம்.
கசிஞ்சா மேல போவாது,
படியிறங்கும்.
எஞ்சினுக்கு அடியில கெடக்குத தண்ணி மேல
பாய் விரிச்சுப் படுத்துக்கும்.
காலையில ஒருத்தன் சாவி திருப்புவான்...'
மிச்சத்தைச் சொல்லவில்லை.
விரல்களை மட்டும் விரித்துக் காட்டினார்.

மின்சார அடுப்பு என்றான் பிளாசிட்.
வயர்லெஸ்ஸும் வலை விளக்கும்
பேட்டரியைக் குடித்தது போக
உனக்கு ஒரு முட்டை வேகும், அதுவும் பாதி.

கொச்சியில் ஒருமுறை
ஒரு வெள்ளைக்காரனின் பாய்ப்படகில் பார்த்திருக்கிறேன்:
அடுப்பு இரண்டு ஆணியில் ஊஞ்சலாய்த் தொங்கும்.
படகு சாயும், கெட்டில் சாயாது.
நித்திரவிளை வெல்டரிடம் சிகரெட் அட்டையில் வரைந்து கொடுத்தேன்.
செய்தான், அழகாய்த்தான் செய்தான்,
ஆனால் முன்னும் பின்னுமாய் ஆடும்படி.
படகு உருள்வது இடமும் வலமும் அல்லவா.
அறுத்து மறுபடி ஒட்ட
இன்னொரு எழுநூறு. வறுவேல் பேசவில்லை;
பல் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

பித்தளை பர்னர், இரண்டு.
பானையை இறுக்கிப் பிடிக்க நாலு கம்பி.
சிலிண்டர் மூன்று, வெளியே, வீல்ஹவுசுக்குப் பின்னால்,
நிற்கவைத்துச் சங்கிலி போட்டு.
குசினியில் சட்டம் ஒன்றே:
மூடுவது சிலிண்டரில்.
குழாயில் மிஞ்சியது எரிந்து
தானாய் அணையும்வரை பார்த்துக்கொண்டு நில்.
மழையானாலும் நில்.

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து கிளம்பி
முப்பத்தோராம் நாள்.
கேரைக் குழம்பு இறக்கியாச்சு,
சோறு அரைவேக்காடு,
நீலம் மஞ்சளாகி
இரண்டு முறை இருமி
போய்விட்டது.
மூன்றாவதும் காலி.
கணக்கு என் கணக்குத்தான். பத்து பேர் பசியை
பத்து பேர் பசி என்றே போட்டிருந்தேன்.
கடலில் அது பதினைந்து.

ஸ்ராங்கு எழுந்து போனார்.
பழைய வலைக்கு அடியிலிருந்து
சாக்கில் சுற்றிய ஒன்றை
என் காலருகே வைத்துவிட்டு
திரும்பி ஸ்டியரிங்குக்கே போய்விட்டார்.
அதே ஸ்டவ். பக்கத்தில் ஐந்து லிட்டர் கேன்.
பின்கூட நூலில் கட்டித் தொங்கியது.

ஊஞ்சலில் ஏற்றி
பம்ப் அடித்தேன்.
தீ எழும்பியது, குறைந்தது, பிறகு
ஒழுங்காய் இரைந்தது.
சோற்றில் வாடை அடித்தது.
யாரும் முகம் சுளிக்கவில்லை.
பிளாசிட் மட்டும்
முட்டை உண்டா என்று கேட்டான்.

இரவு, பழக்க தோஷம்,
மழையில் நனைந்துகொண்டு
காலி சிலிண்டரின் வால்வை மூடப் போனேன்.
யாரோ ஏற்கெனவே
இறுக்கி மூடியிருந்தார்கள்.